மதகடியில் கண்ட முகம்

அவர் என் கடைக்குள் ஏறி வந்தபோது நான் ஒரு மூக்குக்கண்ணாடிக்கு ஆணி இறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. ஆணி கைதவறி மேசைக்கடியில் எங்கேயோ உருண்டு போனது. அதை நான் தேடவில்லை.

எட்டு வருடங்களாக அந்த மனிதரை மனத்துக்குள் வைத்திருந்தேன். வெள்ளைச் சாரன் உடுத்து, இடது தோளைச் சற்றுத் தாழ்த்தி நடக்கிற எவரும் எனக்கு அவராகத்தான் தெரிவார்கள். கல்முனைக் கடைத்தெருவில் எத்தனையோ முதுகுகளைக் கண்டு நெஞ்சு அடித்திருக்கிறது. வேகமாக நடந்து முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தால் முன்பின் தெரியாத யாரோ ஒரு மீன் வியாபாரியாக இருக்கும். கொழும்பில் தொழில் பழகிய காலத்தில் கூட, அவர் வர வழியே இல்லாத ஒரு தெருவில், பஸ்ஸுக்குள் அவரைக் கண்டிருக்கிறேன்.

அவருக்கு என் முகத்தைக் காட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை. வாப்பாவின் அதே நெற்றி, அதே மூக்கு எனக்கு. அதைப் பார்த்ததும் அவர் கூசிப்போக வேண்டும். வாய் திறக்க முடியாமல் நிற்க வேண்டும். அப்போது சொல்வதற்கென்று சில வசனங்களைப் பல வருடங்களாகத் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன்.

அவர் மருமகனுடன் வந்திருந்தார். என் முகத்தை நேரே பார்த்து ஸலாம் சொன்னார். நான் பதில் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“கண்ண ஒருக்காப் பாக்கணும் தம்பி” என்றார்.

எவ்வளவு திமிர் இந்த மனிதருக்கு என்று நினைத்தேன்.

அவர் செய்தது இதுதான். என் வாப்பா வட்டவிதானையாக இருந்தவர். மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களுக்கு எந்த நாள் யாருக்குத் தண்ணீர் என்று முறைவைத்துத் திறந்துவிடுகிற பொறுப்பு அது. சம்பளத்தை விட மரியாதைதான் அதில் பெரியது. சூறாவளி வந்து எங்கள் பக்கத்துத் தென்னைகளையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனதற்கு அடுத்த வருடக் கோடைச் சிறுபோகத்தில் தண்ணீர் மிகவும் குறைவு. பயிர் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கிற நேரம் அது. தண்ணீர் தவறினால் நெல்லெல்லாம் பதர்தான். அந்த நேரம் பார்த்து ஒருநாள் மாலை யாரோ மதகுப் பூட்டை உடைத்து, கீழ் வயல்களின் முறைத் தண்ணீரை மேல் வயல்களுக்குத் திருப்பிவிட்டார்கள். விடிந்து பார்த்தபோது கீழே வாய்க்காலில் சேறுதான் கிடந்தது.

விசாரணை பள்ளிவாசலுக்குப் பக்கத்து மண்டபத்தில், அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது. கீழ் வயல்காரர்களில் ஒருவரான இவர் எழுந்து நின்றார்.

“பள்ளிக்குப் பக்கத்துல நிண்டு பொய் சொல்ல மாட்டன். மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி மதகடியில வட்டவிதானையார்தான் நிண்டாரு. அந்தக் காக்கிக் கோட்டோட நிண்டாரு. என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன்.”

காக்கிக் கோட்டு என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் வாப்பாதான். நீர்ப்பாசன இலாகாவில் இருந்த ஒரு மேலதிகாரி மாற்றலாகிப் போகும்போது கொடுத்தது. வெயிலோ மழையோ, வயலுக்குப் போனால் அதைப் போட்டுக்கொண்டுதான் போவார். ஆனால் அன்றைக்கு அந்தக் கோட்டு எங்கள் வீட்டுக் கொடியில் நனைந்து தொங்கியது. உம்மா காலையில் தோய்த்துப் போட்டது. வாப்பா அன்று சம்மாந்துறைக்குப் போய், வழியில் டயர் வெடித்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு தனியாக வந்தவர். வழியில் அவரைக் கண்டவர்கள் யாரும் இல்லை. உம்மா கோட்டு விஷயத்தைச் சொல்லச் சொல்லி மன்றாடினார்.

“ஊட்டுக்காரிட சாட்சிய வெச்சி நான் மானத்தக் காப்பாத்தவா?” என்று வாப்பா கேட்டார். அதோடு அந்தக் கதையை நிறுத்திவிட்டார்.

பள்ளி நிர்வாகத்து மரைக்காயர்மார் கூடிப் பேசி, சாவி வைத்திருந்தவரே பழியை மறைக்கப் பூட்டை உடைத்திருப்பார் என்று முடிவெடுத்து, வாப்பாவிடமிருந்து பொறுப்பை எடுத்தார்கள். அடுத்த மாதம் அதே பொறுப்பு இவருக்குப் போனது. பிறகு எனக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? வாப்பா பள்ளியில் முன்வரிசையில் நிற்பதை விட்டார். பிறகு பள்ளிக்குப் போவதையே குறைத்தார். மூன்றாம் வருடம் மௌத்தாகிவிட்டார். நெஞ்சு வருத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். காரணம் எதுவென்று எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவரைத்தான் நான் கதிரையில் உட்காரவைத்து, எழுத்து அட்டையை எதிரே மாட்டினேன். மேல்வரியில் இருந்து கடைசிப் பொடி எழுத்து வரைக்கும் தடங்கல் இல்லாமல் வாசித்தார். தூரப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

“கண் நல்லாத்தானே இரிக்கி. என்ன பிரச்சின?” என்று மருமகனைக் கேட்டேன்.

மருமகன் தயங்கினான். “போன மாரியில டிராக்டர்ல இருந்து விழுந்து பின்மண்ட அடிபட்டிச்சு. அதுக்குப் பொறகு ஆக்கள மட்டுப்படுதில்ல. வாசிக்காரு, சைக்கிள் ஓடுறாரு, கடலுக்குள்ள போற தோணிய எண்ணிச் சொல்றாரு. ஆனா மாமிய முன்னால கொண்டு நிப்பாட்டினா ஆரெண்டு கேக்காரு. வாயத் திறந்து கதைச்சாத்தான் தெரியும்.”

அவர் அந்த நேரம் கண்ணாடிச் சட்டங்கள் வைத்திருந்த அலுமாரிப் பக்கம் போயிருந்தார். அங்கே ஆளுயரத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி இருந்தது. தன் உருவத்தைக் கண்டதும் தலையை அசைத்து, அந்த ஆளுக்கு வழிவிடுகிற மாதிரி ஓரமாக ஒதுங்கி நின்றார். மருமகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டான்.

அவர் என்னைக் கண்டு கூசாததற்குக் காரணம் திமிர் இல்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. கொஞ்சமாவது இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏமாற்றம்தான் வந்தது. எட்டு வருடம் நான் தீட்டி வைத்த முகத்தை இந்த மனிதருக்குக் காட்டவே முடியாது. பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. கதைத்தால் குரலில் பிடித்துவிடுவாரோ என்று நினைத்தேன். பெரிய கண் டாக்டர் வருகிற நாளை ஒரு துண்டில் எழுதி மருமகனிடம் நீட்டினேன்.

“வெளிய ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. பொறுப்பு போயிரும்” என்றான் அவன், படியிறங்கும்போது. மாமனார் கூட்டங்களுக்குப் போகும்போது இவன் பக்கத்தில் நின்று, வருகிறவர்களின் பெயரைக் காதுக்குள் சொல்லிவிடுவானாம். ஊரில் யாருக்கும் விஷயம் தெரியாது.

டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மட்டக்களப்பில் இருந்து வந்து என் கடை மேல்மாடியில் நோயாளிகளைப் பார்ப்பார். இவரையும் பார்த்தார். கண்ணில் ஒன்றும் இல்லை, கண்ணாடி எழுத வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பின்னேரம் தேநீர் குடிக்கும்போது நான் கேட்டேன்.

“கண் நல்லாயிருந்தா ஏன் சேர் ஆளைத் தெரியுதில்ல?”

டாக்டர் மேசையில் கிடந்த பத்திரிகையை எடுத்து, தலைப்பு வரியின் கீழ்ப்பாதி மறையும்படி மடித்தார்.

“வாசியும்.”

வாசித்தேன்.

“முழுக்க வாசிச்சிட்டீர். அரைவாசி எழுத்துத்தானே தெரியுது? மற்றப் பாதியை ஆர் போட்டது? உம்முடைய ஞாபகம் போட்டது. கண் கொண்டு வாறது கொஞ்சம்தான். மூளை அதைத் தன்னிட்ட இருக்கிறதோட பொருத்திப் பார்த்து மிச்சத்தை நிரப்பும். நிரப்பினதெண்டு எங்களுக்குச் சொல்லாது. எல்லாத்தையும் கண்டமாதிரியே காட்டும். அந்த ஆளுக்கு முகங்களைப் பொருத்திற இடத்தில அடிபட்டிருக்கு. அவருக்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் தெரியும். அது ஆருடைய முகமெண்டு மட்டும் தெரியாது.”

அன்று நான் அதில் எனக்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவருக்கு ஆளைத் தெரியாது. ஊருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்த வருடச் சிறுபோகத்துக்கு முந்திய கூட்டம் அதே மண்டபத்தில் நடந்தது. இத்தனை வருடமும் நான் அந்தப் பக்கம் போனதில்லை; ஆனால் வாப்பாவின் வயல் எங்கள் கையில் இருந்ததால் எனக்கும் அங்கே இடம் உண்டு. அறுபது எழுபது பேர் இருந்தார்கள். அவர் முன்னால் ஒரு கதிரையில், மருமகன் பக்கத்தில். விதைப்பு நாள், வாய்க்கால் துப்புரவு எல்லாம் பேசி முடிந்தது. தண்ணீர் முறைக்கு வந்தபோது நான் எழுந்தேன்.

“வட்டவிதானையாரிட்ட ஒண்டு கேக்கணும். ஆக்களத் தெரியாம எப்பிடி முற வெச்சித் தண்ணி குடுக்கிற?”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. மருமகன் பாய்ந்து எழுந்தான். அவன் வாயைத் திறக்குமுன் நான் இரண்டாம் வரிசைக்குப் போய், அங்கிருந்த ஒரு முதியவரின் கையைப் பிடித்து எழுப்பினேன். அவருடைய சொந்தக் காக்கா. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன். என்ன நடக்கிறது என்று தெரியாமல் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றார்.

“பேசாம நில்லுங்க காக்கா. இவரு ஆரெண்டு அவரு சொல்லட்டும்.”

அவர் பார்த்தார். கண்களைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, நெற்றியில் இருந்து கால்வரைக்கும் பார்த்தார். ஒரு மிருகம் கண்ணியில் மாட்டிய மாதிரி அவர் கண் அங்குமிங்கும் போனதை நான் ஆசைதீரப் பார்த்தேன்.

“இவரு... நிந்தவூர்ப் போடியார்தானே?” என்றார்.

யாரோ பின்னால் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. காக்கா ஓரடி முன்னால் வைத்தார். “என்னடா தம்பி, நான்தானே” என்றார். குரலைக் கேட்டதும் தம்பிக்காரர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“இந்தக் கண்ண நம்பித்தான் எங்கட வாப்பாவக் கேவலப்படுத்தினீங்க” என்று நான் கத்தினேன். “இந்தக் கண்தான் கண்டதாம்!”

அது நியாயமான பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். அடிபட்டது போன மாரியில். வாப்பாவைக் கண்டதாகச் சொன்ன கண் வேறு, இது வேறு. ஆனால் கூட்டம் அப்படிக் கணக்குப் பார்க்காது என்பதும் எனக்குத் தெரியும். தலைமை மரைக்காயர் என்னை உட்காரச் சொன்னார். அன்றே பொறுப்பு வேறொருவருக்குப் போனது. வெளியே வரும்போது இரண்டு மூன்று பேர் என் தோளில் தட்டினார்கள். “ஒங்க வாப்பாக்கு அநியாயம் நடந்துபோச்சு தம்பி” என்றார் ஒருவர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவும். கல்முனைக்குடி வரைக்கும் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தேன், களைப்பே தெரியவில்லை. வீட்டில் இரண்டு கோப்பை சோறு தின்றேன்.

உம்மாவுக்கு ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அந்தாளு வாப்பாவ நோக்கி விரல நீட்டினாரே உம்மா, நான் சன்னலடியில நிண்டு பாத்தனே. அந்த விரலுக்குத்தான் இது” என்றேன்.

“நீ எங்க மகன் பாத்த?”

“மண்டபத்துச் சன்னலால.”

“உனக்கு அண்டைக்குக் கொப்புளிப்பான். எட்டாம் நாளு. வேப்பிலைக்குள்ள போட்டு வெச்சிருந்தன். நீ வாசல் தாண்டல்ல.” கத்தியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு உம்மா சொன்னார்: “விரலும் நீட்டல்ல. வாப்பா வந்து சொன்னாரு. தலையக் குனிஞ்சிக்கிட்டுத்தான் சொன்னானாம், வாப்பாட மொகத்தப் பாக்காம.”

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சத்தம் போட்டேன். அந்த நீட்டிய விரல் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நகம் தெரிந்தது. சன்னல் கம்பியின் குளிர் கூட நெற்றியில் இருந்தது. ஆனால் கொப்புளிப்பான் வந்தது எனக்கே தெரியும்; காதோரத்தில் அதன் வடு இருக்கிறது. வடுவைத் தடவிக்கொண்டே இருந்தேன். நான் எட்டு வருடம் வளர்த்த வன்மத்தின் வேர் நான் காணாத ஒரு விரல். அந்தக் கண்டுபிடிப்பு என்னைத் தணித்திருக்க வேண்டும். அதற்கு மாறாக, ஏதோ இதையும் அவரே எனக்குச் செய்துவிட்ட மாதிரி, அவர் மீது இன்னும் ஆத்திரம் வந்தது.

ஒரு வாரம் கழிந்து அவர் கடைக்கு வந்தார், தனியாக. சைக்கிளில் வந்து, படியருகே நின்று, “உள்ளுக்கு வரலாமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

“நீ பேசாட்டியும் எனக்குத் தெரியும். முதல் நாள் ஸலாத்துக்குப் பதில் சொன்னியே, அண்டைக்கே தெரியும். அப்பிடியே உங்க வாப்பாட கொரல்.”

“தெரிஞ்சும் ஏன் இரிந்தீங்க?”

“நீ என்ன செய்வியெண்டு பாத்தன். செஞ்சிட்டாய். சரி.” அவர் கதிரையில் உட்கார்ந்தார். “நான் வந்தது சண்டைக்கு இல்ல. ஒண்டு சொல்லணும். நான் பொய் சொல்லல்ல தம்பி. பொறுப்புக்கு ஆசப்பட்டும் சொல்லல்ல. கண்டதத்தான் சொன்னன்.”

“அந்தக் கோட்டு அண்டைக்கு எங்கட கொடியில காய்ஞ்சது. உம்மா தோய்ச்சிப் போட்டது.”

அவர் தலையை வேகமாக ஆட்டினார். “இல்ல. கோட்டோடதான் நிண்டாரு. நெஞ்சுக்கு நேர ரெண்டாவது பொத்தான் இல்ல. அதுவும் கண்டன்.”

“எங்க நிண்டு கண்டீங்க?”

“எங்கட வாடியடியில நிண்டு.”

அந்தக் காவல் குடிசை இருக்கிற இடம் எனக்குத் தெரியும். அங்கிருந்து மதகு, நடுவில் மூன்று வயல்களுக்கு அப்பால். மஃரிப் தொழுகைக்கு முந்திய அந்தி மங்கலில் அங்கே நிற்பது ஆணா பெண்ணா என்று சொல்வதே பெரிய காரியம். பொத்தான் எப்படித் தெரியும்? ஆனால் அந்தப் பொத்தான் உண்மையிலேயே இல்லை. பல வருடமாக இல்லை. வாப்பாவின் பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை இவர் பார்த்திருப்பார்.

அந்த இடத்தில்தான் டாக்டர் மடித்த பத்திரிகை எனக்கு முழுதாக விளங்கியது. தினமும் அதே நேரத்தில் அதே மதகடியில் வாப்பா நின்றார். அன்று அங்கே நின்றது யாரோ. இவர் கண் கொண்டு வந்தது ஒரு நிழலைத்தான். முகம், கோட்டு, பொத்தான் எல்லாவற்றையும் உள்ளிருந்து எடுத்துப் போட்டு வாப்பாவாக ஆக்கியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. எனக்கோ அவர் பொய்யராக இருக்க வேண்டியிருந்தது. அதையும் பறித்துவிட்டார்.

“இப்ப பொஞ்சாதிர மொகம் தெரியா. புள்ளைகள்ற மொகம் தெரியா” என்றார் அவர், மெதுவாக. “கண்ண மூடினா ஒரு மொகம் மட்டும் தெளிவா வருது. மதகடியில நிண்ட உங்க வாப்பாட மொகம். அது பொய்யா இரிக்கேலாது தம்பி.”

இரக்கப்பட அது ஒரு நல்ல சந்தர்ப்பம். நான் மேசையில் இருந்த பத்திரிகையை எடுத்து, டாக்டர் மடித்த மாதிரியே மடித்து அவர் முன்னால் வைத்தேன்.

“வாசிங்க.”

வாசித்தார். விரித்துக் காட்டினேன். எதை அவர் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று விரல் வைத்துச் சொன்னேன். பிறகு வாடியடியில் இருந்து மதகு எவ்வளவு தூரம், அங்கிருந்து ஒரு சட்டைப் பொத்தான் தெரியுமா என்று, நிதானமாக, ஒரு நோயாளிக்கு விளக்குகிற குரலில் கேட்டேன். வாப்பாவின் குரலில்.

அவர் பத்திரிகையைக் கையில் எடுத்தார். மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

“அப்ப அங்க நிண்டது ஆரு?” என்று கேட்டார்.

“எனக்கு எப்பிடித் தெரியும்? கண்டது நீங்கதானே.”

அவர் முகம் கலைந்துபோனதை நான் பார்த்தேன். மண்டபத்தில் நான் செய்தது ஒன்றுமே இல்லை. உண்மையான பழி அந்த நேரம்தான் தீர்ந்தது. அவரிடம் எஞ்சியிருந்த ஒரே முகத்தைப் பிடுங்கிவிட்டேன். அதைத் தெரிந்துதான் செய்தேன். எழுந்து போகும்போது அவர் படியில் தடுமாறினார். கை கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவர் வயல் பக்கம் போவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எதிரே வருகிற ஒவ்வொருவரிடமும், “அந்த வருசம் மதகடியில நிண்டது நீங்களா?” என்று கேட்பாராம். மண்டபத்தில் என் தோளில் தட்டியவர்களுக்குக் கூட அது பிடிக்கவில்லை. ஊர் அவரைப் பார்த்து இரக்கப்பட ஆரம்பித்தது. பூட்டை உடைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஊரில் ஊரடங்கும் ஓட்டமுமாக இருந்த ஒரு காலத்தில் அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து, உம்மாவின் கையைப் பிடித்து, அவருக்காக மாப்புக் கேட்டார். உம்மா ஒரு நொடியும் யோசிக்கவில்லை. “நான் எப்பவோ மன்னிச்சிட்டன் மச்சி. அல்லாஹ்வும் மன்னிப்பான்” என்றார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும் என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன். அந்தப் பெண் இன்னும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். உம்மா கண்ணால் கெஞ்சினார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடையைத் திறக்கப் போய்விட்டேன்.